எண் மாறவில்லை, டவர் மாறிவிட்டது: வீட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: கும்பகோணத்தில் பழைய தெரு ஒன்றில் தரைத்தள வீடு. கட்டணம் குறைகிறதே என்று வீட்டிலுள்ள மூன்று எண்களையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். வாசலில் நின்றால் சிக்னல் இருக்கிறது. கூடத்தில் ஒரு கோடுதான். சமையலறையிலும் படுக்கையறையிலும் அதுவும் இல்லை. வங்கியிலிருந்து ஓடிபி வரவேண்டும் என்றால் தெருவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. சிம் கொடுத்த கடைக்காரர் கைபேசியில் கோளாறு என்கிறார். வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்டால் உங்கள் பகுதி டவர் நன்றாகவே வேலை செய்கிறது என்கிறார்கள். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கலாமா? பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிடலாமா? வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார், அதுதான் கவலை.

பதில்: பூஸ்டர் வாங்காதீர்கள். கைபேசியைப் பழுதுபார்க்கவும் கொடுக்காதீர்கள். வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை இருந்தால் இன்று மாலைக்குள்ளேயே உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. காரணம் புரிந்தால்தான் கடைக்காரரும் சேவை மையமும் சொல்வதை எடைபோட முடியும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். டவர்களின் சிக்னலைத் தெருத்தெருவாக அளந்து சரிசெய்யும் வேலையில் இருந்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை எத்தனையோ வீடுகளின் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

மூன்று கைபேசிகளும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. வாசலில் மூன்றும் வேலை செய்கின்றன என்றால் சிம்மும் கைபேசியும் நலம். சேவை மையம் சொல்வதும் பொய்யில்லை, டவர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல. அந்த டவரின் அலை உங்கள் சமையலறை வரை வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு அவர்கள் திரையில் விடை இருக்காது.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்தது. அன்றுமுதல் பலரும் எண்ணோடு சேர்ந்து சேவையின் தரமும் கூடவே வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வருவது எண் மட்டுமே. டவர், அலைவரிசை, ஆன்டெனா திரும்பியிருக்கும் திசை எல்லாம் புதிய நிறுவனத்துடையவை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானவர்கள் அவசர அவசரமாக வேறு நிறுவனங்களுக்கு மாறினார்கள். தெருவில் யாருக்கு எங்கே சிக்னல் கிடைக்கிறது என்று கேட்டுப்பார்க்கக்கூட அன்று அவகாசமில்லை. நீங்கள் கட்டணம் பார்த்து மாறினீர்கள், அது நியாயமான காரணம்தான். ஆனால் வீட்டுக்குள் எது எடுக்கிறது என்பதைக் கட்டணப் பட்டியல் சொல்லாது.

இரண்டு நிறுவனங்களும் ஒரே கம்பத்தில்தானே இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் கம்பத்தை நட்டு, பல சேவை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஆனால் கம்பம் ஒன்றானாலும் அதில் ஏற்றியிருக்கும் ஆன்டெனாக்கள் வேறு வேறு. பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்கு மூன்று முகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 பாகையைப் பார்க்கும். பழைய நிறுவனத்தின் ஒரு முகம் நேராக உங்கள் தெருவைப் பார்த்திருக்கலாம். புதிய நிறுவனத்தின் இரண்டு முகங்களுக்கு நடுவில் உங்கள் வீடு மாட்டிக்கொண்டிருக்கலாம். ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்திருக்கும் கோணம் இரண்டு மூன்று பாகை மாறினாலும் தெருக்கோடியில் இருக்கும் வீட்டுக்கு வித்தியாசம் தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் அலைவரிசை. இந்தியாவில் கைபேசிச் சேவை 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் என்ற கீழ்வரிசைகளிலும், 1800, 2100, 2300, 2500 என்ற மேல்வரிசைகளிலும் நடக்கிறது. 5ஜி-க்கு இவற்றோடு 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வரிசையும் உண்டு. திருவிழா நாளில் நாலு தெரு தள்ளிக் கச்சேரி நடந்தால், கதவைச் சாத்திய பிறகும் தவிலின் அதிர்வு உள்ளே கேட்கும், நாகசுரத்தின் உச்ச ஸ்தாயி கேட்காது. வானொலி அலையும் ஏறக்குறைய அப்படித்தான். கீழ்வரிசை அலை சுவரைத் தாண்டியும் மூலையைச் சுற்றியும் வரும். மேல்வரிசை அலை நிறையத் தரவைச் சுமக்கும், ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். வெறும் திறந்த வெளியிலேயே, அலைவரிசை இரட்டிப்பானால் அதே தூரத்தில் கைபேசி பெறும் ஆற்றல் கால்பங்காகிவிடும். சுவர் பிடுங்கிக்கொள்வது இதற்கும் மேல்.

எந்த நிறுவனம் எந்த வரிசையை வைத்திருக்கிறது என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். பொதுவாகச் சொன்னால், ஜியோ 4ஜி-க்கு 850, 1800, 2300 வரிசைகளைப் பயன்படுத்துகிறது. ஏர்டெல் 900, 1800, 2100, 2300 வரிசைகளில் நடத்துகிறது. வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனத்துக்கு 900, 1800, 2100, 2500 உண்டு. பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜி 700, 2100 வரிசைகளில் வருகிறது. ஆகவே எல்லோரிடமும் ஏதோ ஒரு கீழ்வரிசை உண்டு. ஆனால் ஒவ்வொரு டவரிலும் எல்லா வரிசைகளையும் ஏற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள டவரில் மேல்வரிசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், வாசலில் முழு சிக்னலும் உள்ளறையில் ஒன்றுமில்லாமையும் ஒருசேர நிகழும்.

இங்கே கைபேசியின் பங்கு ஒன்று உண்டு. கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கக்கூடிய ஒரே இடம் இதுதான். 700 மெகாஹெர்ட்ஸ் 4ஜி-யைப் பிடிக்கக் கைபேசியில் 28 ஆம் பேண்ட் (அந்த அலைவரிசைக்குக் கொடுத்திருக்கும் எண்) இருக்க வேண்டும். இந்தியாவில் விற்ற பழைய கைபேசிகள் பலவற்றில் அது கிடையாது. நீங்கள் மாறியது பிஎஸ்என்எல் என்றால், மூன்று கைபேசிகளும் சில ஆண்டு பழையவை என்றால், சுவரைத் தாண்டி வரும் அந்த அலை உங்கள் வீட்டுக்குள் வந்தும் கைபேசிக்குத் தெரியாமலே போகும். கைபேசியின் மாதிரிப் பெயரைப் போட்டு, அது எந்தெந்த பேண்டுகளை ஏற்கும் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பட்டியலில் 28 இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

இனி வீட்டை அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதைக் கைபேசி செய்பவர்கள் தத்தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள், பொது அளவு கிடையாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் ‘கைபேசி பற்றி’ என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் எண்ணாகவே இருக்கும். ஐஃபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் அளவீட்டுத் திரை வரும். 4ஜி-யில் −80 என்றால் மிக நன்று. −100 வரை கவலையில்லை. −110-க்குக் கீழே போனால் பேச்சு வெட்டி வெட்டி வரும். −120 அருகில் தொடர்பு அறுந்துவிடும். இந்த எண்களில் 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் வருகிறது என்று பொருள். வாசலில் −92, படுக்கையறையில் −118 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 26 குறைந்திருக்கிறது. அதாவது வாசலுக்கு வந்த ஆற்றலில் சுமார் 400-இல் ஒரு பங்குதான் உள்ளே நுழைந்திருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு, வாசல், கூடம், சமையலறை, கொல்லைப்புறம், மொட்டைமாடி ஆகிய இடங்களில் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டில் பழைய நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவரையும் ஒருமுறை உங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்து அதே இடங்களில் பாருங்கள். நான் கேட்கும் அத்தனை தகவலும் அந்த ஒரு தாளில் வந்துவிடும்.

மொட்டைமாடியிலும் −110-க்குக் கீழே என்றால் அந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் தெருவுக்கே சரியாக வரவில்லை. வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. மொட்டைமாடியில் −85, கூடத்தில் −115 என்றால் டவர் போதுமானது, வீடுதான் தடுக்கிறது.

கும்பகோணத்து வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியே இருக்கும். பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. அலை நுழைய வாசலும் கொல்லையும் மட்டுமே வழி. முன்பு நடுவில் முற்றம் இருந்தது. வெளிச்சமும் மழையும் விழுந்த அதே வழியாகத்தான் கைபேசி அலையும் உள்ளே இறங்கியது. திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்தின் மேல் தகரமோ உலோகத் தகடோ போட்டவர்கள் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். செங்கல் சுவர் அலையைக் குறைக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இன்னும் அதிகமாகக் குறைக்கும், உலோகத் தகடு அநேகமாக முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். வெயிலுக்காக மொட்டைமாடியில் போடும் வண்ணத் தகட்டுக் கூரைக்கும், ஜன்னலில் ஒட்டும் உலோகப் பூச்சுள்ள படலத்துக்கும் இதே குணம்தான். கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்கு மேலே இத்தனையும் இருந்தால் மேலிருந்து ஒன்றும் வராது. உங்கள் வீட்டு முற்றத்தில் தகடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதில் ஒரு பகுதியையாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடாக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். உலோகம் இல்லாத எந்தக் கூரையும் அலைக்கு வழிவிடும்.

இப்போது தீர்வுக்கு வருகிறேன். வீட்டில் எந்த நிறுவனத்தின் பிராட்பேண்ட் இருந்தாலும் சரி, கைபேசியின் சிம் அமைப்புகளில் ‘வைஃபை அழைப்பு’ என்ற பொத்தானைத் தேடி இயக்குங்கள். 4ஜி வழியாகப் பேசும் விஓஎல்டிஇ பொத்தானும் இயங்கவேண்டும். அதன்பின் உங்கள் அழைப்பு டவருக்குப் போகாமல் வைஃபை வழியாகவே நிறுவனத்தின் வலைக்குள் நுழையும். எதிர்முனையில் இருப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது, அதே எண்ணிலிருந்து வரும் சாதாரண அழைப்புதான். செயலி எதுவும் வேண்டாம், தனிக் கட்டணமும் கிடையாது. ஏர்டெல் இதை 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. பிறகு வி தொடங்கியது, அண்மையில் பிஎஸ்என்எல்லும் சேர்ந்துகொண்டது. ஓடிபி குறுஞ்செய்தியும் பெரும்பாலும் இந்த வழியிலேயே வந்துவிடும். கைபேசி பழைய பழக்கத்தில் அந்த ஒற்றைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வைஃபைக்கு மாற மறுத்தால், விமான நிலையை (ஏர்பிளேன் மோட்) இயக்கி, வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். வைஃபை அழைப்பின் குறி மேலே தெரியும். ஆனால் வெளியே கிளம்பும்போது விமான நிலையை அணைக்க மறந்தால் யாராலும் உங்களை அழைக்க முடியாது.

மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். ரூட்டருக்கென்றே சிறிய மின்கலத் தொகுதிகள் விற்கின்றன, அதற்குச் செலவழிப்பது வீணில்லை. உங்கள் மாமியாரைக் கருதி இதைக் கட்டாயம் செய்யுங்கள். அவசரத்துக்கு 112-ஐ அழைத்தால், சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் கைபேசி வேறு நிறுவனத்தின் டவர் வழியாக முயலும். 108-க்கும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அவருடைய கைபேசியில் 112-ஐயே பதிந்துவையுங்கள்.

பிராட்பேண்ட் இல்லையா? இரண்டு சிம் போடும் கைபேசி வீட்டில் இருந்தால், வீட்டுக்குள் எடுக்கும் நிறுவனத்தின் ப்ரீபெய்ட் சிம் ஒன்றை இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்வது நல்லது. பழைய கைபேசி சும்மா கிடந்தால் அதில் அந்தச் சிம்மைப் போட்டு, வாசல் ஜன்னலில் வைத்து ஹாட்ஸ்பாட்டை இயக்கினால், உள்ளே இருக்கும் மற்ற கைபேசிகள் அதன் வைஃபை வழியாகவே பேசும். பார்க்க ஒட்டுவேலை போலத் தெரியும், ஆனால் நன்றாகவே வேலை செய்யும்.

சில அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கைபேசி 5ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தால் வீட்டில் இருக்கும்போது 4ஜி-யில் நிறுத்திவையுங்கள், பேட்டரியும் மிச்சமாகும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது தானியங்கியாக இருக்கட்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் விஓஎல்டிஇ இல்லாத கைபேசியில் இணையம் வந்தாலும் சாதாரணப் பேச்சு நடக்காது. இணையத்துக்கான ஏபிஎன் அமைப்பை மாற்றச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் விட்டுவிடுங்கள், அதற்கும் சிக்னல் வலிமைக்கும் தொடர்பே இல்லை.

பூஸ்டர் பற்றி நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் அந்தப் பெட்டியை உரிமம் இல்லாமல் நிறுவுவது இந்தியாவில் சட்டவிரோதம். 1933 ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான். தொலைத்தொடர்புத் துறையின் அலைக் கண்காணிப்புப் பிரிவினர் தெருவில் அளந்துகொண்டே வந்து வீட்டைக் கண்டுபிடித்துப் பெட்டியைப் பறிமுதல் செய்வார்கள். சட்டத்தை விடுங்கள். மலிவான பூஸ்டர் உங்கள் குரலோடு இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்பும். டவர் அந்த இரைச்சலில் தொலைவிலிருக்கும் கைபேசிகளின் மெல்லிய குரலைக் கேட்கமுடியாமல் தவிக்கும். ஒரே ஒரு வீட்டின் வசதிக்காகத் தெருவே பேசமுடியாமல் போவதை நான் அளவுக் கருவியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவிலும் முதியவர்கள் இருந்தார்கள்.

புகார் கொடுப்பதால் பயனுண்டா என்றால், முறையாகக் கொடுத்தால் உண்டு. 198-ஐ அழைத்து, ‘சிக்னல் இல்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், நீங்கள் குறித்த எண்களைச் சொல்லுங்கள்: வாசலில் இவ்வளவு, கூடத்தில் இவ்வளவு, மூன்று கைபேசியிலும் இதே நிலை, பகலிலும் இரவிலும் இதே நிலை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதிவையுங்கள். பொறியாளர் நேரில் வந்து அளக்கவேண்டும் என்று கேளுங்கள். ஆன்டெனாவின் சாய்வை மாற்றுவது, இன்னொரு அலைவரிசையை ஏற்றுவது போன்றவை நிறுவனத்தின் கையில் இருப்பவை, ஒரே தெருவிலிருந்து பல புகார்கள் வந்தால் செய்வார்கள். புதிய டவர் என்றால் இடம், அனுமதி, அக்கம்பக்கத்தார் சம்மதம் என்று நீண்டுபோகும். ஆகவே அண்டை வீட்டாரையும் புகார் செய்யச் சொல்லுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மொட்டைமாடியிலேயே சிக்னல் மோசம் என்றால் திரும்பிவிடுவதே சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து 90 நாட்கள் ஆனபிறகுதான் வேறிடம் போகமுடியும். அந்த நாட்களைத் தேர்வுக்குப் பயன்படுத்துங்கள். தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி எந்த நிறுவனத்தின் டவர்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்க்கலாம். நிறுவனங்களும் தங்கள் சேவைப் பரப்பின் வரைபடத்தைத் தத்தம் தளங்களில் வெளியிட்டிருக்கின்றன. அவற்றில் பச்சையாகத் தெரிந்தாலும் அது தெருவுக்கான கணக்கு, படுக்கையறைக்கு அல்ல. ஆகவே வீட்டுக்கு வரும் உறவினர்களின் கைபேசியை வாங்கி, சமையலறையில் நின்று டிபிஎம் பாருங்கள். நாலு பேர் வந்துபோனால் எல்லா நிறுவனங்களும் அளந்தாகிவிடும்.

தொண்ணூறு நாள் முடிந்ததும் ஆங்கிலத்தில் PORT என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்து கொண்ட குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் கடைக்குப் போங்கள். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (தமிழ்நாடு போன்ற ஒரு சேவைப் பகுதிக்குள்) மாறுவது மூன்று வேலை நாட்களில் முடியும். இடையில் சிம் தொலைந்து புதிதாக வாங்கினால், ஏழு நாட்கள் கழித்துத்தான் குறியீடு தருவார்கள் என்பது 2024 ஜூலையிலிருந்து விதி. மூன்று எண்களையும் சேர்த்து மாற்றாதீர்கள். வங்கிக் கணக்கோடு இணைத்திராத எண்ணை முதலில் மாற்றி, ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் மாற்றுங்கள். அதுவரை இப்போதைய நிறுவனத்தில் 84 நாள், ஓராண்டு என்று நீண்ட திட்டம் எதையும் ரீசார்ஜ் செய்துவிடாதீர்கள். மாறும்போது மிச்சமிருக்கும் நாட்களும் பணமும் உங்களோடு வராது. 28 நாள் திட்டம் போதும்.